தீயில் போன வீட்டைத் திரும்பக் கட்டுதல்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இலுக்கும் பற்றையும் காய்ந்து சருகாகிவிடும். சேனைக்கு வைத்த தீ, வெட்டி முடித்த வயலில் வைக்கோலுக்கு வைத்த தீ, யானைக்குப் போட்ட வெடியில் விழுந்த பொறி என்று ஏதோ ஒன்று போதும். எங்கள் உலர்வலயக் காடுகளில் தீ தானாகப் பற்றுவது மிக அரிது; அநேகமாக எல்லாம் மனிதக் கையால் வருவது. காட்டோரத்தில் தொடங்கியது வேலிக்கு வந்து, வேலியிலிருந்து கிடுகுக் கூரைக்கு ஏறிவிடும்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டுப் பிளான் கீறுகிறவன். எரிந்த வீட்டின் படத்தைக் கைபேசியில் காட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். காட்டுத்தீயில் எரிந்த வீட்டுக்கும் அடுப்படியில் பற்றி எரிந்த வீட்டுக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

அத்திவாரம் அப்படியே இருக்கிறது. அதன் மேலேயே பழையபடி கட்ட அனுமதி எடுக்க வேண்டுமா?

வேண்டும். நிறையப் பேர் தவறுவது இதிலேதான். "புதுவீடா கட்டுறன், இருந்ததைத்தானே கட்டுறன்" என்பார்கள். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் புதிதாக எழுப்புவதையும் மீள எழுப்புவதையும் ஒரே வரியில் வைத்துப் பேசுகிறது. இரண்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட பிளான் வேண்டும். நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று வர்த்தமானியில் அறிவித்த இடமென்றால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் கீழ் 2021 ஜூலையில் வெளிவந்த திட்டமிடல் விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

விண்ணப்பம் கொடுக்கும் இடம் உங்கள் உள்ளூராட்சி சபை. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்றால் மாநகர சபை. காத்தான்குடி, ஏறாவூர் என்றால் நகர சபை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, செங்கலடி, வாகரை, திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்களில் பிரதேச சபை.

அனுமதி கேட்கச் சொல்வது உங்களை அலைக்கழிக்க அல்ல. முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீட்டுக்கு முன்னால் ஓடிய மண் பாதை இப்போது கொங்கிறீற் வீதியாகி அகலித்திருக்கும். அந்த வீதிக்குக் கட்டடக் கோடு, அதாவது வீதிப்பக்கம் கட்டடம் தாண்டக் கூடாத எல்லை, குறித்திருப்பார்கள். பழைய அத்திவாரம் அந்தக் கோட்டைத் தாண்டி வீதிப்பக்கம் நின்றால், சுவர் எழுப்பிய பின் யாராவது முறைப்பாடு கொடுத்தாலே போதும், செலவு முழுக்க மண்ணாய்ப் போகும். வெல்லவாயவிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியோரத்து வளவுகளில் இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரிய வீதி. ஆகவே சபையின் அனுமதியோடு அவர்களின் கோட்டையும் பார்க்க வேண்டும்.

தீ அணைந்த கையோடு என்ன செய்ய வேண்டும்?

எதையும் அள்ளிக் கொட்ட வேண்டாம். ஊர்ப்பிள்ளைகள் கூடிவந்து ஒரே நாளில் துப்புரவாக்கித் தருவார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள். ஆனால் சாம்பலோடு ஆதாரமும் போய்விடும். முதலில் நான்கு பக்கமும் நின்று படம் எடுங்கள். அறை அறையாக, கூரை, தளபாடம், மின்மானி எல்லாவற்றையும் எடுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கள். கிராம சேவையாளருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். அவருடைய அறிக்கை இல்லாமல் பிரதேச செயலகத்தில் ஒன்றும் நகராது. செயலகத்தில் அனர்த்த நிவாரண சேவைகளுக்குப் பொறுப்பான அலுவலர் இருப்பார். சேதத்தை மதிப்பிடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருவார். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் அனர்த்தங்கள் என்று எண்ணப்பட்டவற்றில் தீயும் உண்டு. ஆகவே "வெள்ளத்துக்கும் புயலுக்கும்தான் பதிவோம்" என்று யாராவது சொன்னால் மரியாதையாக அதை நினைவூட்டுங்கள்.

வங்கிக் கடனில் கட்டிய வீடென்றால் கடனோடு சேர்த்துக் காப்புறுதி போட்டிருக்கக்கூடும். பலருக்கு அது போட்டிருப்பதே தெரியாது. வங்கியில் கேளுங்கள். இருந்தால், மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எரிந்த இடம் எரிந்தபடி கிடக்கட்டும்.

தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது இதை வாசிக்கிறீர்கள் என்றால், தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

காணி உறுதி, பெர்மிட், அடையாள அட்டை எல்லாம் அலுமாரியோடு எரிந்துவிட்டன.

பொலிஸ் முறைப்பாட்டில் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுவியுங்கள். "ஆவணங்கள் எரிந்தன" என்று ஒரே சொல்லில் முடித்தால் பிறகு ஒவ்வொரு கந்தோரிலும் திரும்ப விளக்க வேண்டிவரும்.

உறுதி பதிந்ததாக இருந்தால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி முடித்த நொத்தாரிசுவிடமும் ஒரு பிரதி இருக்கும். இலக்கமும் ஆண்டும் மறந்துபோனவர்கள் அங்கிருந்து தொடங்குவது லேசு. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியென்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதிவேடு உண்டு. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களும் பிரதேச செயலகத்திலேயே. அடையாள அட்டைக்குக் கிராம சேவையாளர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முந்தி அடையாள அட்டையை எடுங்கள், மற்ற எல்லாக் கதவும் அதைக் காட்டித்தான் திறக்கும்.

வீடு மகளின் பேரில். அவள் கட்டாரில். நாங்கள் இருவரும்தான் இங்கே இருக்கிறோம். எங்கள் பேரில் பிளான் போடலாமா?

எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கலியாணத்தோடு சீதன உறுதி எழுதி, பெற்றோர் சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு அதே வளவில் இருப்பார்கள். விண்ணப்பம் உறுதியில் உள்ள உரிமையாளரின் பேரில் போக வேண்டும். மகள் தான் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம் மூலம் அற்றோணித் தத்துவம் (உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால் நீங்கள் அவளுக்காகக் கையொப்பமிடலாம். "எங்கட பிள்ளைதானே, சபையில கேக்க மாட்டாங்க" என்று தொடங்கிப் பாதியில் நின்ற வீடுகள் உண்டு. உதவித்தொகை, கடன் எது வந்தாலும் முதலில் பார்ப்பது உறுதியில் உள்ள பெயரைத்தான்.

மருமகன் கட்டுகிறார், காணி மகளுடையது என்றாலும் பிளான் மகளின் பேரில்தான் போகும். இதைக் குடும்பத்துக்குள் முன்கூட்டியே பேசித் தீர்ப்பது நல்லது.

பெர்மிட் காணியிலும் வயலிலும் கட்டியிருந்த வீடுகளுக்கு?

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி, பெர்மிட்காரர் உயிரோடு இருந்து அவர் பேரிலேயே இருந்தால் சிக்கல் குறைவு. தகப்பன் இறந்து பெயர் மாற்றாமல் கிடந்தால் முதலில் பின்னுரித்தை, அதாவது காணி அடுத்தவர் பேருக்கு மாறுவதை, முடியுங்கள். பிரதேச செயலகக் கடிதம் இல்லாமல் சபை பிளானை எடுக்காது.

வயல் வேறு கதை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியில் கட்டடம் எழுப்ப எழுத்தில் அனுமதி வேண்டும். காவலுக்குப் போட்ட வாடி காலப்போக்கில் வீடாகி, பிறகு எரிந்திருந்தால் அதை அதே இடத்தில் கல்வீடாக்குவது கடினம். மேட்டுநிலத்தில் வளவுத் துண்டு இருந்தால் அங்கே மாறுவதையே சொல்வேன்.

சுவர்கள் நிற்கின்றன. லிண்டலும் தூணும் நிற்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு கூரை மட்டும் போட்டால் என்ன?

காசில்லாத நேரத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை. சில வீடுகளில் சரிவரும், சிலதில் ஆளைக் கொல்லும். பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செங்கல் சூளையில் வெந்து வந்த சாமான். வீட்டுத் தீயைத் தாங்கும். பூச்சு உதிர்ந்திருக்கும், சுவர் கறுத்திருக்கும், ஆனால் நேராக நின்று, மூலையில் வெடிப்பில்லாமல் இருந்தால் பெரும்பாலும் பயன்படுத்தலாம். சீமெந்துப் புளொக் கல் அப்படியல்ல. சூட்டில் உள்ளே நுண்வெடிப்பு விழும், கையால் சுரண்டினாலே உதிரும் கல்லும் உண்டு. தண்ணீர் ஊற்றி அணைத்த பக்கம் இன்னும் மோசமாக இருக்கும்.

கொங்கிறீற்றுக்கு வருவோம். ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தாண்டினால் கொங்கிறீற் பலம் இழக்கத் தொடங்குகிறது. அந்தச் சூட்டில் அதில் இளஞ்சிவப்பு ஓடும். 600 பாகைப் பக்கம் போனால் சாம்பல் வெள்ளையாகும். அதையும் தாண்டினால் மங்கிய மஞ்சள். கரியைத் துடைத்துவிட்டு ஒரு மூலையைக் கொத்திப் பாருங்கள். இளஞ்சிவப்பு மேற்பூச்சோடு நின்றுவிட்டதா, கம்பிவரை போயிருக்கிறதா என்பது தெரியும். ஆனால் இந்த நிறம் சல்லியில் உள்ள இரும்புச் சத்தால் வருவது; எங்கள் கருங்கல் சல்லியில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். நிறம் மாறவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது.

இன்னொரு சோதனை சுத்தியல். எரியாத பக்கத்துத் தூணில் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்கும். எரிந்ததில் தொம்மென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. மேசன்மார் இதைக் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

கம்பி 550, 600 பாகைச் சூட்டில் பாதிப் பலத்தை இழந்துவிடும். ஆறினால் இப்போதைய கம்பிகளுக்குப் பெரும்பகுதி பலம் திரும்பி வரும். பழைய முறுக்குக் கம்பிக்கு அப்படித் திரும்பாது. அதற்குப் பலம் கொடுத்ததே முறுக்கியதுதான், சூடு அதைக் கலைத்துவிடும். எண்பதுகளில், தொண்ணூறுகளில் போட்ட பிளாட் (கொங்கிறீற் தட்டு) என்றால் பெரும்பாலும் முறுக்குக் கம்பிதான். பிளாட் தொய்ந்திருந்தாலோ கம்பி வெளியே தெரிந்தாலோ அதன் கீழ் யாரும் படுக்கக் கூடாது, ஆடுமாடு கட்டவும் கூடாது. பொறியியலாளரின் எழுத்து இல்லாமல் எரிந்த பிளாட்டின் மேல் நான் பிளான் கீறுவதில்லை. அதற்காக என்னோடு கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

மரத்தில் ஒரு நல்ல செய்தி. மரம் வெளியிலிருந்து உள்ளே கருகும், நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை. கரிக்கு உள்ளே இருக்கும் மரத்துக்குப் பலம் குறைவதில்லை. ஆகவே தடித்த தீராந்தியைச் சீவிப் பார்த்து, மிஞ்சிய கனம் போதுமென்று ஓடாவி சொன்னால் திரும்பப் போடலாம். மெல்லிய சலாகையெல்லாம் போனதுதான்.

அஸ்பெஸ்டஸ் சீற் வெடித்துச் சிதறிக் கிடக்கிறது.

தீயில் அது துப்பாக்கிச் சூடுபோல வெடிக்கும். துண்டுகளைப் பெருக்க வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறையோடு பொறுக்கித் தடித்த பையில் கட்டி, எங்கே போடுவதென்று சபையிடம் கேளுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்தே கேட்டைக் காட்டும். பள்ளம் நிரப்பவோ நடைபாதைக்குப் போடவோ எடுக்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பிளானில் என்னென்ன பார்ப்பார்கள்? எவ்வளவு இடம் விட வேண்டும்?

உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு, வீட்டுப் படம் இவ்வளவும் விண்ணப்பத்தோடு போகும். நகர அபிவிருத்தி விதிகள் உள்ள இடத்தில் சிறு வீடென்றால் பின்பக்கம் 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடி, வெளியாக விட வேண்டும். புதிதாகப் பிரிக்கும் துண்டு 150 சதுர மீட்டருக்கு, ஏறக்குறைய ஆறு பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. ஏற்கனவே பிரித்த சின்னத் துண்டில் இருந்த வீடு எரிந்திருந்தால் அதைச் சொல்லிப் பேசலாம். பிரதேச சபை எல்லைக்குள் அளவுகள் வேறுபடலாம், பிளான் கீறுவதற்கு முன் சபையில் ஒரு தடவை கேட்டுக்கொண்டு வாருங்கள்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி தூரம் எதிர்பார்ப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அளப்பார். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் மணல் தரை, தண்ணீர் மட்டம் மேலே. அயலவரின் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். பழைய வீட்டில் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்திருந்தால், இப்போது மாற்றுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும், முடியாவிட்டால் நீடிக்கலாம். கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்க மறக்காதீர்கள். சீஓசி என்றே எல்லோரும் சொல்வார்கள். பின்னொரு நாள் கடன் எடுக்கவோ விற்கவோ போகும்போது அதைக் கேட்பார்கள்.

கடலோரத்தில் இருந்த வீடு எரிந்தது. சுனாமிக்குப் பிறகு சொன்ன 200 மீட்டர் இன்னும் இருக்கிறதா?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீட்டர், மற்றக் கரைகளில் 100 மீட்டர் என்று ஒரு கட்டுப்பாடு வந்தது உண்மை. ஒரு வருடத்துக்குள்ளேயே அதைத் தளர்த்தினார்கள். அதனால் கடலோரத்தில் விருப்பப்படி கட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முன்பிருந்தே உள்ளது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் எந்தக் கட்டுமானத்துக்கும் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கல்லடி, நாவலடி, பெரியகல்லாறு, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் என்று எங்கள் மக்கள் அடர்த்தியாக இருக்கும் இடங்கள் நிறைய இதற்குள் வரும். கடலோடு தொடுக்கும் வாவிக் கரைகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மட்டக்களப்பு வாவியோரத்துக்காரர் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸில் எரிந்த வீட்டைப் பழைய அளவில் உடனே கட்ட விட்டார்களாம். இங்கே ஏன் அப்படியில்லை?

வெளிநாட்டில் உள்ள மச்சான் அனுப்பிய செய்தியோடு போன மாதமும் ஒருவர் வந்தார். 2025 ஜனவரி 7இல் தொடங்கிய தீயில் பாலிசேட்ஸ், அல்டடீனா பகுதிகளில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஜனவரி 12ஆம் திகதி மாநில ஆளுநர் ஓர் ஆணை போட்டார். எரிந்த வீட்டின் பரப்பிலும் உயரத்திலும் 110 சதவீதத்தைத் தாண்டாமல் கட்டினால் சுற்றாடல் ஆய்வும் கரையோர அனுமதியும் தேவையில்லை என்றது அது.

செய்தியில் வராத பகுதி ஒன்று உண்டு. தளர்த்தியது அந்த இரண்டு நடைமுறைகளைத்தான். வீட்டை எதனால் கட்ட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தவில்லை. கலிபோர்னியாவில் 2008 முதல் காட்டோர வீடுகளுக்குத் தனிக் கட்டட விதிகளே இருக்கின்றன. எரியாத கூரை, பொறி புகாத காற்றுத் துளை, தீயைத் தாங்கும் வெளிச்சுவர். 1960இல் கட்டிய வீடு எரிந்திருந்தாலும் திரும்பக் கட்டும்போது இன்றைய விதிப்படிதான் கட்ட வேண்டும்.

எங்கள் நிலைமை தலைகீழ். இங்கே தாள்வேலை நிறைய, தீ பற்றிய விதி குறைவு. வீதிக் கோடும் பின்வெளியும் பார்க்கும் சபை, காட்டோரத்தில் கிடுகுக் கூரை போடுகிறாயே என்று கேட்பதில்லை. ஆகவே அந்தப் பகுதியை நாங்களே எங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் மூன்று கேள்விகளையும் அதற்காகத்தான் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

கூரைக்கு எது நல்லது? கிடுகு குளிர்ச்சியாயிருக்குமே?

குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. நான் பிறந்ததும் கிடுகு வீட்டில். ஆனால் காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் சுவாலை தொட்டு எரிவதில்லை. காற்றில் பறந்துவரும் பொறியால் எரிகின்றன. தீ ஒரு கட்டை (மைல்) தூரத்தில் நிற்கும்போதே பொறி வந்து விழும். ஓலைக்கு அது போதும்.

அவுஸ்திரேலியாவில் 2009 பெப்ரவரி 7இல் விக்டோரியாத் தீயில் 173 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேல் வீடுகள் போயின. அதற்குப் பிறகு திருத்திய அவர்களின் கட்டட நியமத்தில் காட்டுக்கு எவ்வளவு கிட்ட என்பதை வைத்து வீட்டை ஆறு தரமாகப் பிரிக்கிறார்கள். காற்றுத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை போடச் சொல்கிறார்கள். மெல்பேர்னில் வீடு கட்டிய எங்கள் ஆட்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். அந்த வலை எங்கள் கடைகளிலும் கிடைக்கும். அதை வாங்கி அடிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஓடு எரியாது. ஆனால் ஓட்டுக்கும் சலாகைக்கும் நடுவில், இறவாரத்தில், மோட்டு ஓட்டின் கீழ் இடைவெளி இருக்கும். பொறி அதற்குள் நுழைந்து குருவிக் கூட்டிலும் சருகிலும் பிடிக்கும். இறவாரத்தைப் பலகையாலோ வலையாலோ அடையுங்கள், மோட்டைச் சாந்து வைத்து மூடுங்கள். தகரம் போடுவதென்றால் சுவரோடு சேரும் வளைவுகளை அடையுங்கள். பீலியில் சருகு சேரவிடாதீர்கள். கிடுகை விட மனமில்லாதவர்கள் வளவுக்குள் தள்ளி ஒரு கொட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், படுக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1978 கார்த்திகைச் சூறாவளியை அனுபவித்த ஊர்கள் இவை. தீக்கு நல்ல கூரை காற்றிலும் நிற்க வேண்டும். சுவர் உச்சியில் வளையக் கொங்கிறீற் போட்டு, அதில் கம்பி விட்டு, கூரை மரத்தை அந்தக் கம்பியால் இறுகக் கட்டுங்கள்.

குசினியை எங்கே வைப்பது?

பெரியவர்கள் அக்கினி மூலை என்பார்கள், தென்கிழக்கு. சாத்திரம் நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இதில் ஒத்துப்போகலாம். எங்கள் வறட்சிக் காலத்துக் கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. குசினி கிழக்குப் பக்கமாக இருந்தால் அடுப்புப் பொறி வீட்டைவிட்டு வெளியே போகும். மேற்கில் இருந்தால் வீட்டுக்கு மேலே வரும். எங்கள் பெரியம்மாவின் குசினி மேற்குப் பக்கம், மட்டைச் சுவரும் கிடுகும். ஒரு ஆவணி மத்தியானம் அது பற்றியபோது வீட்டுக் கூரைக்கு ஏறப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. குடத்தோடு ஓடிவந்த நாங்கள் கிணற்றடியிலேயே நின்றுவிட்டோம். திரும்பக் கட்டும்போது அவ முதலில் சொன்னது, "குசினிய மத்தப் பக்கம் போடு மகன்."

வீட்டோடு ஒட்டியதென்றால் நடுச்சுவரைச் செங்கல்லில் கூரைவரை எழுப்புங்கள். பாதியில் நிறுத்தினால் தீ மேலால் தாவிவிடும். புகைபோக்கியின் வாயிலும் வலை வையுங்கள். எரிவாயுச் சிலிண்டர் வெளியே, நிழலில் நிற்கட்டும்.

வேலியும் வளவும்?

கிடுகு வேலியும் மட்டை வேலியும் தீக்குத் திரி. ஒரு வளவில் பிடித்தால் வரிசையாக ஓடும். முழு வேலியையும் மதிலாக்கக் காசில்லாவிட்டால் வீட்டுக்குக் கிட்ட வரும் பத்துப் பதினைந்து அடியை மட்டும் புளொக் கல்லால் கட்டுங்கள். மீதிக்குக் கிளிசறியா, பூவரசு, முள்முருக்கு என்று பச்சை வேலி போடுங்கள்.

சுவரைச் சுற்றி ஐந்து அடிக்குக் கூட்டிய வெறும் மணல் இருக்கட்டும். எங்கள் அம்மாமார் விடியப்புறம் முற்றம் கூட்டினது இதைத்தான் செய்தது. விறகு, உரிமட்டை, பன்னாடை, வைக்கோல் எல்லாம் வீட்டோடு சாய்த்து வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். வைக்கோலைக் களவெட்டியிலேயே விடுங்கள். தென்னையின் காய்ந்த ஓலையைக் கோடைக்கு முன் இறக்கிவிடுங்கள்.

ஆவணியில் எரிந்தது. மாரிக்கு முன் முடியுமா?

முழு வீடும் முடியாது. ஐப்பசியில் வாடை மழை தொடங்கிவிடும். நடுவில் இருப்பது ஆறேழு கிழமை, அனுமதிக்கே அதில் பெரும்பகுதி போகலாம். ஆகவே இரண்டு வேலையைப் பிரித்துப் பாருங்கள். குடும்பம் தங்க ஒரு தற்காலிகக் கொட்டில், தகரக் கூரையோடு, மேட்டில், எரிந்த சுவர்களிலிருந்து தள்ளி. அதைப் பற்றிக் கிராம சேவையாளரிடம் சொல்லிவையுங்கள். அப்புறம் நிற்கிற சுவர்களின் தலைக்குப் பொலித்தீன் போட்டு மூடுங்கள். மண்கல் சுவர் கூரையில்லாமல் ஒரு மாரியைத் தாங்காது. அத்திவாரத்தை மாரிக்கு நடுவில் வெட்டாதீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நிலமட்டத்தை உயர்த்தச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் அந்த அடையாளத்துக்கு மேலே புதுத் தரை வரட்டும்.

காசுக்கு என்ன வழி?

சுனாமிக்குப் பிறகு முழுச் சேதத்துக்கு 2,50,000 ரூபாய் கொடுத்தார்கள், யுத்தத்துக்குப் பிந்திய இந்திய வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபாய். அவையெல்லாம் அந்தந்த நேரத்துத் திட்டங்கள். தனியொரு வீடு எரிந்தால் அப்படிக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பெரிய அத்திவாரம் வெட்டாதீர்கள். பிரதேச செயலகத்தில் பதிவு செய்யுங்கள், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்டக் கந்தோரில் கடனுக்குக் கேளுங்கள். பிளானை முழு வீட்டுக்கும் கீறி அனுமதி எடுத்து, முதலில் ஓர் அறையும் குசினியும் மலசலகூடமும் கட்டுங்கள். மீதியைக் கை வசதிப்படும்போது அதே பிளானில் தொடரலாம்.

1990இல் யுத்தத்தில் எரிந்த வீடு. இப்போதுதான் திரும்பி வந்தோம்.

கட்டுவதற்கான விதி மேலே சொன்னதேதான். இழப்பீட்டு விஷயத்தை 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் பார்க்கிறது. பிரதேச செயலகத்தில் முன்பு கொடுத்த விண்ணப்ப இலக்கம் இருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

கரண்ட் எப்போது எடுக்கலாம்?

மின்சாரப் பகுதியார் வந்து இணைப்பை வெட்டியதை உறுதி செய்யும்வரை எரிந்த வீட்டுக்குள் கைவைக்க வேண்டாம். அவர்களின் இலக்கம் 1987. புது இணைப்புக்குப் புது வயரிங் வேண்டும், தகுதியுள்ளவர் பரிசோதித்துக் கொடுத்த அறிக்கை வேண்டும், 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். தப்பிய பழைய வயரைச் சிக்கனத்துக்காக இழுக்காதீர்கள். சூடுபட்ட உறை வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகி வெடித்திருக்கும்.

கிணற்றுக்குள் சாம்பல் விழுந்துவிட்டது.

முழுவதும் இறைத்து, அடி வண்டலை எடுத்து, ஊறவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவுக்குக் குளோரின் போடுங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். கட்டட வேலைக்கு அந்த நீரை எடுப்பதானால் சாம்பல் தெளிந்த பிறகு எடுங்கள். மோட்டாரை நம்பி இருக்காமல் ஒரு கப்பியும் கயிறும் வாளியும் கிணற்றடியில் எப்போதும் தொங்கட்டும், தீ வரும்போது முதலில் போவது கரண்ட்தான்.